ஆக்ராவில் ஒரு திருமுழுக்கு, அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள்

(பீர்க்கன்கரணையில் தவக்காலத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஒரு பெண் மதம் மாறினாள் என்றால் ஊருக்குக் காரணம் தேட நேரம் ஆகாது. காதல், காசு, கஷ்டம். இந்த மூன்றில் ஒன்றை எடுத்து அவள் தலையில் கட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். பீர்க்கன்கரணை ஏரிக்கரையிலிருந்து இரும்புலியூர் வரைக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. முஸ்லிம் வீட்டுப் பெண் ஒருத்தி கத்தோலிக்கத் திருச்சபைக்கு வந்தாள் என்றால் குரல் இன்னும் கொஞ்சம் தாழும். "பையன் யாராம்?" என்பது தெருவின் கேள்வி. கோயில் பக்கம் வேறு ஒரு கேள்வி எழும்: "அந்தப் பொண்ணை மேடையில சாட்சி சொல்லச் சொல்லலாமே, ஃபாதர்?"

முதல் கேள்வி அவளைச் சந்தேகிக்கிறது. இரண்டாவது கேள்வி அவளைக் காட்சிப் பொருளாக்குகிறது. எது மோசம் என்று பட்டிமன்றம் வைத்தால் தீர்ப்பு சொல்வது சிரமம்தான்.

இந்தக் கேள்விகளை எல்லாம் இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்த ஒரு பெண் இந்தியாவில் இருந்தார். பிறந்தபோது ஃபர்ஸானா. ஊர் அறிந்த பெயர் பேகம் சம்ரு. திருமுழுக்குப் பெயர் யோவன்னா. 1781ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி ஆக்ராவில், கிரகோரியோ என்ற கார்மேல் சபைக் குருவின் கையால் திருமுழுக்குப் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும். அவர் கையில் ஒரு படை இருந்தது, ஒரு ஜாகிர் இருந்தது, கணவர் மட்டும் இல்லை.

அவர் கதையைப் பிறப்பிலிருந்து சொன்னால்தான் இந்த மே 7இன் கனம் தெரியும்.

மீரட் பக்கத்தில் குத்தானா என்ற ஊர். அங்கே அரபு வம்சாவளி என்று சொல்லிக்கொண்ட ஒரு முஸ்லிம் பிரபுவின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்தவர் ஃபர்ஸானா என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. தகப்பனார் கண்ணை மூடியதும் மூத்தாள் மகன் இவர்களை வீட்டில் நிம்மதியாக இருக்கவிடவில்லை. தாயும் மகளும் டெல்லிக்குப் போனார்கள். ஆதரவில்லாத பெண்ணுக்கு அன்றைய டெல்லியில் திறந்திருந்த கதவுகள் அதிகமில்லை. சாவ்ரி பஜாரில் ஆடல் பாடல் நடக்கும் ஒரு மாடி வீட்டில் அந்தப் பெண் வளர்ந்தாள்.

அங்கேதான் வால்ட்டர் ரைன்ஹார்ட் அவளைப் பார்த்தான். அவளுக்கு அப்போது பதினான்கு, பதினைந்து வயது. அவன் நாற்பதைத் தாண்டியவன். யார் அதிகம் கொடுத்தாலும் அவருக்குச் சண்டை போடும் ஐரோப்பியக் கூலிப்படைத் தலைவன். 1763இல் பாட்னாவில் வங்காள நவாப் மீர் காசிமின் உத்தரவுப்படி ஆங்கிலேயக் கைதிகளைக் கொன்று குவித்தவன் என்று கிழக்கிந்தியக் கம்பெனி அவனைத் தேடிக்கொண்டிருந்தது. எப்போதும் இறுகிய முகம் என்பதால் கூட்டாளிகள் வைத்த 'சோம்ப்ரே' என்ற பட்டப்பெயர் நம்மவர் வாயில் சம்ரு ஆனது. அவன் கத்தோலிக்கன். பெயரளவில் என்று சேர்த்துக்கொள்வது நல்லது. அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவியும் ஒரு மகனும் இருந்தார்கள்.

பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த வாழ்க்கையில் எவ்வளவு சம்மதம் இருந்திருக்கும் என்பதை இங்கிருக்கும் தாய்மார்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

ஆனால் அவள் வெறும் துணையாக மூலையில் இருந்துவிடவில்லை. பாசறை பாசறையாக அவனோடு போனாள். பாரசீகத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்தாள். எந்தத் தளபதி எந்தப் பக்கம் சாய்வான் என்று கணக்குப் போடக் கற்றுக்கொண்டாள். 1778இல் ஆக்ராவில் ரைன்ஹார்ட் இறந்தபோது படை வீரர்களும் ஐரோப்பிய அதிகாரிகளும் அவன் மகனைத் தலைவனாகக் கேட்கவில்லை, பேகத்தைக் கேட்டார்கள். முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் சர்தானா ஜாகிரை அவர் பெயரிலேயே உறுதி செய்தார். ஆண்டு வருமானம் ஆறு லட்சம் ரூபாய் என்று சொல்லப்பட்ட சீமை அது.

மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் திருமுழுக்கு.

இப்போது தெருவின் மூன்று காரணங்களையும் எடுத்து வைத்துப் பார்க்கலாம். காதல் என்றால் அவன் உயிரோடு இருந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாறியிருக்க வேண்டும். அப்போது மாறவில்லை. காசு என்றால் அவரிடம் இருந்த காசு அன்றைக்கு ஆக்ராவில் இருந்த பாதிரியார்கள் யாரிடமும் இல்லை. கஷ்டம் என்றால், சாவ்ரி பஜார் காலத்திலேயே மாறியிருக்கலாம். மூன்று சாவியும் இந்தப் பூட்டுக்குச் சேரவில்லை.

வரலாற்றாசிரியர்கள் நான்காவதாக ஒன்று சொல்வார்கள்: அரசியல். படையில் இருந்த அதிகாரிகள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். ஒரு பெண், அதுவும் சடங்கு ரீதியாகத் திருச்சபை அங்கீகரிக்காத ஒரு மனைவி, அவர்களுக்குத் தலைவியாக நீடிக்க வேண்டும் என்றால் அவர்கள் மதத்தில் சேர்வது புத்திசாலித்தனம். ரைன்ஹார்டின் மகனும் அதே நாளில் திருமுழுக்குப் பெற்றான் என்பது இந்தச் சந்தேகத்துக்குத் தெம்பு கொடுக்கிறது. சந்தேகம் நியாயமானதுதான். அதை மறைத்துவிட்டு பேகத்தைப் புனிதையாக்கும் வேலை இங்கே வேண்டாம்.

அதே சமயம் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜாகிரைக் கொடுத்தவர் முஸ்லிம் பேரரசர். அக்கம்பக்கத்து அதிகாரம் முழுக்க முஸ்லிம் பிரபுக்களின் கையில். டெல்லி தர்பாரை நம்பிப் பிழைக்கிற ஒருத்திக்கு அந்த வயதில் மதம் மாறுவது லாபக் கணக்கு மட்டும் என்று சொல்லிவிட முடியாது. நஷ்டத்துக்கும் இடம் இருந்தது.

இந்த இடத்தில் தவக்கால நற்செய்தி ஒன்றைத் துணைக்கு அழைக்கலாம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவுத் திருவழிபாட்டில் திருமுழுக்குப் பெறப்போகிறவர்கள் இருக்கும் பங்குகளில், தவக்காலம் மூன்றாம் ஞாயிறு யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை வாசிப்பார்கள். கிணற்றடியில் சமாரியப் பெண். அவளும் வேறு மரபில் வந்தவள். யாக்கோபைத் தன் தகப்பன் என்றவள். அவளுடைய குடும்ப வாழ்க்கையைச் சொன்னால் நம் அன்பியக் கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஆண்டவர் அவளிடம் முதலில் கேட்டது தண்ணீர். "நீ என்ன நோக்கத்தில் வந்தாய்" என்று கேட்கவில்லை. அவளுடைய வாழ்க்கை அவருக்குத் தெரியும், அதை அவளிடம் சொல்லவும் செய்தார். ஆனாலும் பேச்சை அங்கே நிறுத்தவில்லை. வழிபாடு எங்கே, எப்படி என்ற பெரிய கேள்வியை அவளோடு உட்கார்ந்து விவாதித்தார். அந்த வாசகம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்கப்பட்டிருப்பது தற்செயல் கிடையாது.

பேகத்தின் நோக்கம் என்னவாக இருந்தாலும், அடுத்து நடந்தது கேட்கவே கூசுகிறது.

திருமுழுக்கு ஆன மறு ஆண்டு, 1782. ஆக்ராவில் இரண்டு அடிமைப் பெண்கள் பேகத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள், தங்கள் காதலர்களோடு ஓடிப்போவதற்காக. தீயை அணைத்த பின் இருவரும் பிடிபட்டார்கள். நினைவு தப்பும்வரை சாட்டையடி. பிறகு பேகத்தின் கூடாரத்துக்கு எதிரில் குழி வெட்டி உயிரோடு புதைத்தார்கள். உத்தரவு போட்டவர் யோவன்னா. இதை எழுதி வைத்தவர் வில்லியம் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி. கல்கத்தா ஆயராக இருந்த ரெஜினால்ட் ஹீபரும் இந்தக் கதையைச் சற்று வேறு விதமாகக் கேட்டு எழுதியிருக்கிறார். ஹீபர் நமக்கு அந்நியர் இல்லை. 1826இல் திருச்சியில் இறந்தார், கல்லறையும் அங்கேதான். பிஷப் ஹீபர் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது.

தலையில் ஊற்றிய தண்ணீர் காய்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்குமோ என்னவோ, அதற்குள் இப்படி. திருமுழுக்கு பழைய பாவங்களைப் போக்குகிறது என்று திருச்சபை போதிக்கிறது. பழைய பழக்கங்களை ஒரே நாளில் போக்கிவிடும் என்று எங்கும் போதிக்கவில்லை. பாசறையில் பதினைந்து வயதிலிருந்து பார்த்து வளர்ந்த கொடுமை, கையில் அதிகாரம் வந்ததும் வெளியே வந்தது. அவருக்கு மறைக்கல்வி கொடுத்தவர்கள் எவ்வளவு நாள் கொடுத்தார்கள், அதன் பிறகு யார் அவரோடு நடந்தார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. ராணியிடம் "இது பாவம்" என்று சொல்லும் தைரியம் எந்தக் குருவுக்கு இருந்தது?

தமிழ்நாட்டில் அதே காலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. அதில் வரும் பெண் முஸ்லிமும் இல்லை, வந்து சேர்ந்த சபை கத்தோலிக்கமும் இல்லை. ஆனாலும் ஒப்பிடாமல் விட மனம் வரவில்லை. தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த ஒரு பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு, திருமணம் இல்லாமல் வாழ்ந்தவர். திருமுழுக்குக் கேட்டபோது மறைபரப்பாளர் சுவார்ட்ஸ் ஐயர் உடனே கொடுக்கவில்லை. அந்த வாழ்க்கை நிலையில் கொடுக்க முடியாது என்று காத்திருக்க வைத்தார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல்தான் கிளாரிந்தா என்ற பெயரில் திருமுழுக்கு. 1780இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் நாற்பது பேர். முதல் பெயர் கிளாரிந்தா. 1785இல் அவர் முயற்சியில் அங்கே கோயில் எழுந்தது. சாமானிய ஜனங்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தார்கள். மதம் மாறியும் சாதிப் பெயரை ஊர் விடவில்லை பாருங்கள்.

காத்திருக்க வைத்தது சரியா, அது அந்தப் பெண்ணுக்குக் கொடுமை இல்லையா என்று கேட்டால், இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. ஆனால் கிளாரிந்தாவோடு ஒரு சபை வளர்ந்தது. பேகத்தைச் சுற்றி ஆரம்பத்தில் இருந்தது ஒரு படைதான்.

பேகத்துக்குத் திரும்புவோம். அவருடைய வாழ்க்கையில் இரண்டு சம்பவங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1788. ஷா ஆலம் தன்னை எதிர்த்த நஜஃப் குலி கானை அடக்க கோகுல்கட் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். எதிரிப்படை திடீரென்று பாசறைக்குள் புகுந்து பேரரசரின் உயிருக்கே ஆபத்து வந்தபோது, பேகத்தின் படை நடுவில் வந்து நின்றது. பேகம் பல்லக்கில் களத்துக்கே வந்தார். பேரரசர் தப்பினார். தர்பார் கூடியதும் அவருக்கு ஸேபுன்னிஸா என்ற பட்டம் கொடுத்து, தன் அருமை மகள் என்று அறிவித்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பேகம் அப்போது ஏழு ஆண்டுகளாகக் கத்தோலிக்கர். அதை யாரிடமும் மறைக்கவில்லை. முஸ்லிம் பேரரசர் ஒருவர், தன் மார்க்கத்தை விட்டுப் போன பெண்ணைத் தர்பார் கூட்டி மகள் என்றார். அவள் விசுவாசம் மாறியது அவருக்கும் தெரியும். அவள் நன்றி மாறவில்லை என்பதும் தெரியும். நம் ஊரில் மகள் மாறிவிட்டாள் என்று படத்தைத் திருப்பி வைக்கும் தகப்பன்களும் உண்டு, மாறி வந்தவளிடம் "இனி அம்மா வீட்டுக்குப் போகாதே" என்று அறிவுரை சொல்லும் பங்கு மக்களும் உண்டு. இரண்டு தரப்பும் ஷா ஆலமைக் கொஞ்சம் படிக்கலாம்.

இரண்டாவது சம்பவம் 1793இல். தன் படையில் இருந்த லெவசூ என்ற பிரெஞ்சுக்காரரை பேகம் ரகசியமாக மணந்தார். மணம் செய்து வைத்தவர் அதே கிரகோரியோ. திருச்சபை முறைப்படி அவருக்கு நடந்த திருமணம் இது. ஏன் ரகசியம்? வீரர்களுக்கு லெவசூவைப் பிடிக்காது. விஷயம் கசிந்தது. 1795இல் கலகம் வெடித்தது. இருவரும் இரவோடு இரவாகத் தப்பி ஓடினார்கள், பிடிபட்டால் இருவரும் உயிரை மாய்த்துக்கொள்வது என்ற ஒப்பந்தத்தோடு. துரத்தி வந்தவர்கள் நெருங்கியதும் பேகம் கத்தியால் குத்திக்கொண்டார். ரத்தம் தோய்ந்த துணியைப் பார்த்த லெவசூ துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு செத்தார். பேகத்தின் காயம் ஆழமில்லை. பிழைத்தார். சொந்தப் படையே அவரைப் பீரங்கியோடு சேர்த்துக் கட்டி வெயிலில் போட்டது. முன்பு அவரிடம் வேலை பார்த்து, மனஸ்தாபத்தில் விலகிப்போன ஜார்ஜ் தாமஸ் என்ற அயர்லாந்துக்காரர்தான் வந்து மீட்டார்.

அதன் பிறகு பேகம் மறுமணம் செய்யவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளும் ஆண்டார், கட்டினார், கொடுத்தார். தற்கொலைக்குக் கத்தியைத் தூக்கியவர், பீரங்கியில் கட்டுண்டு கிடந்தவர், அடிமைகளைப் புதைத்தவர், இவர் எல்லாம் ஒரே ஆள்தான். ஆன்மிக வாழ்க்கை என்பதை நேர்கோடாக வரைந்து காட்டும் புத்தகங்களில் பேகத்துக்கு இடம் கிடைக்காது.

1803இல் மராட்டியர் வீழ்ந்ததும் அவர் ஆங்கிலேயரோடு சமரசம் செய்துகொண்டார். போர்கள் ஓய்ந்தன. அதன் பிறகுதான் சர்தானா கோயில்.

வடக்கே போகிறவர்கள் மீரட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சர்தானாவை அடையலாம். அந்தோணியோ ரெகெல்லினி என்ற இத்தாலிய அதிகாரி வரைந்து கட்டியது. நான்கு லட்சம் ரூபாய் செலவு என்று சொல்வார்கள். வாசலில் லத்தீன் கல்வெட்டில் 1822 என்று ஆண்டு இருக்கிறது. முன்னால் தூண் வரிசை, உரோமையில் பார்ப்பது போல. மேலே குவிமாடம், பின்னால் இரட்டைக் கூம்புக் கோபுரம். உள்ளே போய்ப் பீடத்தின் அருகில் நின்று பார்த்தால் வேறு ஒரு விஷயம் கண்ணில் படும். வெள்ளைச் சலவைக்கல்லைக் குடைந்து, வண்ணக் கற்களை இழைத்துப் பூவும் கொடியும் செய்திருக்கிறார்கள். தாஜ்மகாலில் பார்க்கும் அதே வேலைப்பாடு. முகலாயக் கைவினை கத்தோலிக்கப் பீடத்தில் வந்து அமர்ந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் பயணத்தைச் சொல்ல அந்தப் பீடம் ஒன்று போதும். விட்டு வந்த இடத்தின் அழகை அவர் விட்டுவிட்டு வரவில்லை.

நடை உடையிலும் அப்படித்தான். கடைசிவரை தலைப்பாகை, சால்வை, ஹுக்கா. கடிதங்கள் பாரசீகத்தில். கிறிஸ்துமஸ் என்றால் திருப்பலியும் விருந்தும் வாணவேடிக்கையுமாக மூன்று நாள் கொண்டாட்டம்.

கோயிலை மரியாவுக்கு ஒப்புக்கொடுத்தார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். முஸ்லிமாக வளர்ந்த குழந்தைக்கு மரியா புதியவர் அல்ல. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம். 19ஆவது அத்தியாயமே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஈஸா நபி கன்னியிடம் பிறந்தார் என்பது இஸ்லாத்தின் நம்பிக்கை. சிலுவைச் சாவு, மூவொரு கடவுள் என்று வரும்போதுதான் பாதை பிரிகிறது, அந்தப் பிரிவு சிறியதும் அல்ல. இரண்டு மார்க்கமும் ஒன்றுதானே என்று மழுப்புவது இருவருக்குமே மரியாதை ஆகாது. ஆனால் பிரியும் இடம் வரை சேர்ந்து நடந்த தூரமும் நிஜம். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. செப்டம்பரில் ஆரோக்கிய அன்னை கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும் முஸ்லிம் தாய்மார்களை அந்தப் பக்கம் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' என்ற அறிக்கை, முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குவதாகச் சொல்லும்போது அவர்கள் மரியாவுக்குக் கொடுக்கும் மரியாதையையும் குறிப்பிடுகிறது.

சர்தானாவும் வேளாங்கண்ணியும் இன்னொரு விதத்தில் அக்காள் தங்கை. திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1961இல் சர்தானாவைப் பசிலிக்காவாக உயர்த்தினார். 1962இல் வேளாங்கண்ணியை.

கொடையைப் பற்றி ஒரு வார்த்தை. 1834இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரிக்கு பேகம் ஒன்றரை லட்சம் ரூபாய் அனுப்பினார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் கேன்டர்பரி பேராயருக்கு ஐம்பதாயிரம். கல்கத்தா, பம்பாய், மதராஸ் கத்தோலிக்க மறைப்பணிக்கென்று ஒரு லட்சம். ஆக, சர்தானா பணம் நம்ம மதராஸுக்கும் வந்திருக்கிறது. சர்தானா ஏழைகளுக்கென்று தனியாக நிதி வைத்தார். குழி வெட்டச் சொன்ன அதே கைதான் இதையும் எழுதிக் கொடுத்தது. இடையில் ஐம்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. பரிகாரமா, பெருமைக்குக் கொடுத்ததா? இரண்டும் கலந்திருக்கலாம். நம் கோயில் மின்விசிறிகளில் உபயம் என்று பெயர் எழுதி வைத்திருக்கும் நாம் அதிகம் பேசாமல் இருப்பது நல்லது.

1836 ஜனவரி 27ஆம் தேதி இறந்தார். தான் கட்டிய கோயிலிலேயே அடக்கம். வாரிசு டைஸ் சோம்ப்ரே, தடோலினி என்ற இத்தாலியச் சிற்பியைக் கொண்டு கல்லறைச் சிற்பத்தைச் செய்வித்தார். ஆளுயரச் சிலைகள் பதினொன்று. உச்சியில் பேகம் அமர்ந்திருக்கிறார். கையில் இருப்பது ஜெபமாலையோ வேதாகமமோ அல்ல, முகலாயப் பேரரசர் சர்தானாவைக் கொடுத்த சாசனச் சுருள். கீழே ஆயர் ஒரு பக்கம், இந்து திவான் ராய் சிங் ஒரு பக்கம், முஸ்லிம் தளபதி இனாயத்துல்லா ஒரு பக்கம். சாவிலும் அவரைச் சுற்றி மூன்று மதத்தாரும் நிற்கிறார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். பேகத்தைக் கேட்க ஆளில்லை, பல்லக்கில் போனார். பெருங்களத்தூரில் மின்சார ரயில் பிடித்து வேலைக்குப் போகும் பெண்ணின் நிலைமை அப்படி இல்லை. அவள் வீட்டில் அத்தா இருக்கிறார், உம்மா இருக்கிறார், ஜமாஅத் இருக்கிறது, தங்கைக்கு இன்னும் நிக்காஹ் ஆகவில்லை. அவள் எடுக்கும் முடிவின் விலையை வீடு முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். இதை மறந்துவிட்டு அல்லேலூயா பாடுவது எளிது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மனசாட்சிச் சுதந்திரம் கொடுக்கிறது. ஹாதியா வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், வயது வந்த பெண் எந்த மார்க்கத்தை ஏற்பது என்பது அவளுடைய உரிமை என்று உறுதிபடச் சொன்னது. அந்தப் பெண் இஸ்லாத்துக்குப் போனவர். உரிமை எந்தத் திசையிலும் அதே உரிமைதான். அவருக்கு அது வேண்டாம், நம்மிடம் வருகிறவளுக்கு மட்டும் வேண்டும் என்று கேட்க முடியாது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் திரும்பப் பெறப்பட்டது.

மணமான முஸ்லிம் பெண்ணுக்கு இன்னொரு சங்கதி உண்டு. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வருவதற்கு முன்பு, மனைவி மார்க்கத்தை விட்டால் திருமணமே முறிந்துவிட்டதாக நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்ப வேறு வழி இல்லாத பெண்கள், முக்கியமாகப் பஞ்சாபில், கிறிஸ்தவர் ஆகிவிட்டோம் என்று நீதிமன்றம் போனார்கள். முஸ்லிம் அறிஞர்களே இதைக் கண்டு கவலைப்பட்டார்கள். மௌலானா அஷ்ரஃப் அலி தானவி, மனைவி விவாகரத்துக் கோர மார்க்கத்துக்குள்ளேயே வழி உண்டு என்று விரிவான ஃபத்வா எழுதினார். அந்த முயற்சிகளின் பலனாகத்தான் 1939 சட்டம். விவாகரத்துக்குக் காரணங்களை அது வகுத்துக் கொடுத்தது. கூடவே, பிறப்பால் முஸ்லிமான மனைவி மார்க்கத்தை விட்டாலே திருமணம் தானாக முறிந்துவிடாது என்றும் நான்காம் பிரிவில் சொல்லிவிட்டது. ஆகவே, திருமுழுக்கு வாங்கினால் பழைய கல்யாணம் ரத்து என்று யாராவது ஆலோசனை சொன்னால் நம்ப வேண்டாம். வீட்டில் அடி உதை என்றால் அவளுக்கு முதலில் தேவை வழக்கறிஞரும் பாதுகாப்பான இடமும். ஞானஸ்நானத் தொட்டி அதற்கான இடம் அல்ல.

காதல் கல்யாணத்துக்கும் மாற வேண்டிய கட்டாயம் கிடையாது. 1954இன் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. திருச்சபையிலும் ஆயரின் சலுகை பெற்று, திருமுழுக்குப் பெறாதவரை மணக்க வழி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் "மாறினால்தான் மண்டபம் புக் பண்ணுவோம்" என்று சொன்னால், திருமுழுக்கைத் தள்ளிப்போடுவது பங்குத்தந்தையின் கடமை. திருச்சபைச் சட்டப்படி வயது வந்தவர் தானே விரும்பிக் கேட்க வேண்டும், போதிய அளவு கற்றிருக்க வேண்டும், கிறிஸ்தவ வாழ்க்கையில் பழகிப் பார்த்திருக்க வேண்டும். மண்டபத் தேதியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

வயது வந்தோரைச் சேர்க்கும் இந்த வழிமுறையை ஆதித் திருச்சபையின் பாணியில் 1972இல் புதுப்பித்தார்கள். விசாரித்து வருகிற காலம், மறைக்கல்விக் காலம், தவக்காலத்துப் புடமிடும் காலம், உயிர்ப்பு இரவில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை. வருடக்கணக்கில் ஆனாலும் தவறில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உள்ளர்த்தம். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் அரை மணி நேரம், மறைக்கல்வி ஆசிரியை, ஒரு ஜெபப் புத்தகம், மனப்பாடம். ஞானத்தாயாக யாரைப் போடலாம் என்று கடைசி வாரத்தில் தேடுவார்கள். தேடிப் பிடித்த அம்மாவுக்கு அந்தப் பெண்ணின் முழுப் பெயர்கூடத் தெரிந்திருக்காது. பேகத்துக்கு நேர்ந்தது இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. சடங்கு குறைவில்லாமல் நடந்தது, துணைக்கு ஆள் இல்லை.

பீர்க்கன்கரணை அடங்கிய செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002இல் உருவானது. வயதில் இளையது. ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் வேலைக்காக வந்து குடியேறியவர்களே இங்கே பங்குமக்கள். தூத்துக்குடிக்காரரும் கும்பகோணத்துக்காரரும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். புதிதாக வந்தவரைச் சேர்த்துக்கொள்வது எப்படி என்று இந்த மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லோருமே ஒரு நாள் புதிதாக வந்தவர்கள்தான்.

அதனால் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். அடுத்த உயிர்ப்பு இரவில் முஸ்லிம் வீட்டுப் பெண் ஒருவர் உங்கள் பங்கில் திருமுழுக்குப் பெற்றால், ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். அவர் புகைப்படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அவருடைய உம்மாவைப் பற்றி, அவர் விட்டு வந்த மார்க்கத்தைப் பற்றி ஒரு தரக்குறைவான வார்த்தை அவர் காதில் விழ வேண்டாம். ரம்ஜானுக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தார் என்றால் முகம் சுளிக்க வேண்டாம். ஞானத்தாயாக இருக்கச் சம்மதிக்கிறவர், அந்த இரவுக்கு ஆறு மாதம் முன்பே அவர் வீட்டு முகவரியைத் தெரிந்துகொள்ளுங்கள். உயிர்ப்பு ஞாயிறு முதல் பெந்தகோஸ்து வரை ஐம்பது நாளைத் திருச்சபை புதிதாக வந்தவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, பூசை முடிந்ததும் அவரை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.